பிரெஷரை யார், ஏன் எடுக்கிறார்கள்?

டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். ஒரு டம்ளர் காலியாவதற்குள் முடிகிற பேச்சு இல்லை இது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த கோர்ஸ் படிச்சா வேலை கிடைக்கும், அண்ணா?" ஜாவாவா, பைத்தானா, டேட்டா சயின்ஸா, ஏஐயா என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டி அனுப்பிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்ன பதிலை நம்பி ஐம்பதாயிரம் ரூபாய் ஃபீஸ் கட்டியவர்கள் பலர். அதற்கு முன்னால் வேறொன்றைப் புரிந்துகொள்வது நல்லது. அனுபவமே இல்லாத ஒருவருக்கு ஒரு கம்பெனி எதற்காக மாதச் சம்பளம் கொடுக்கிறது? இந்தக் கணக்கு புரிந்தால், எங்கே போய்க் கதவைத் தட்டுவது என்பது தானாகவே பாதி புரிந்துவிடும்.

நம் ஊரில் ஐடி வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சர்வீஸ் கம்பெனிகள்: டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ, ஹெச்சிஎல், 1994-ல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட். இவர்கள் விற்பது பெரும்பாலும் ஆட்களின் வேலை நேரத்தை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு வங்கிக்கு இருபது பேர் கொண்ட அணியைக் கொடுத்தால், அதில் விஷயம் தெரிந்த மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர், நாலைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர், மீதிப் பேர் புதியவர்கள் என்று அமைப்பார்கள். மூத்தவரின் சம்பளம் ஏறிக்கொண்டே போகும். புதியவரின் சம்பளம் ஆண்டுக்கு மூன்றிலிருந்து நான்கு லட்சம் என்ற அளவில் பதினைந்து ஆண்டுகளாகப் பெரிதாக நகரவே இல்லை. ஆகவே அடித்தட்டு அகலமாக இருக்க இருக்க அந்தக் கம்பெனிக்கு லாபம். கல்லூரி வாசலுக்கே வந்து ஒரே நாளில் நூறு பேரை அள்ளிக்கொண்டு போனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உங்களுக்கு என்ன தெரியும் என்பது அன்று இரண்டாம் பட்சம். சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வீர்களா என்று பார்த்தார்கள், மூன்று நான்கு மாதப் பயிற்சி கொடுத்தார்கள், பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பிராஜெக்ட் வந்ததும் அனுப்பினார்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிரெஷருக்கான இடங்களில் பெரும்பகுதி புதிய பிராஜெக்ட்டால் உண்டாவதில்லை. ஏற்கெனவே இருப்பவர் வேலையை விட்டுப் போவதால் உண்டாகிறது. 2022-ன் நடுவில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 28 சதவீதத்தைத் தாண்டியது. கொரோனாவுக்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் இணையத்துக்கு ஓடிய காலம் அது. இங்கே இருந்தவர் அங்கே தாவினார், அவர் விட்ட நாற்காலியில் ஒரு பிரெஷர் உட்கார்ந்தார். டிசிஎஸ் மட்டும் 2021-22 நிதியாண்டில் சுமார் ஒரு லட்சம் பிரெஷர்களை எடுத்தது. அதைப் பார்த்துத்தான் ஊரில் பாதிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தார்கள். அவர்கள் படித்து முடித்து வெளியே வந்தபோது காட்சி மாறியிருந்தது. 2024 மார்ச்சில் இன்ஃபோசிஸின் அந்த விகிதம் 13 சதவீதத்துக்கும் கீழே. யாரும் தாவவில்லை, நாற்காலி காலியாகவில்லை. 2023-24-ல் டிசிஎஸின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. 2004-ல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகு ஓராண்டுக் கணக்கில் அது குறைந்தது அப்போதுதான் முதல் முறை.

இடங்கள் சுருங்கிய அதே நேரத்தில் படிப்பவர் எண்ணிக்கை பெருகியது. ஒரு பாடப்பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2024-லிருந்து நீக்கிவிட்டது. கல்லூரிகள் மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்து கம்ப்யூட்டர் சயின்ஸையும் அதன் கிளைப் பெயர்களையும் கூட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு ஏஐ. பிரெஷருக்கு முதலில் கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகளான படிவம் ஒன்று செய்வது, டெஸ்ட் கேஸ் எழுதுவது, பழைய நிரலைப் புது மொழிக்கு மாற்றுவது ஆகியவற்றைத்தான் அது முதலில் கற்றுக்கொண்டது. மேலே இருப்பவர் அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வேலையைச் செய்துவிடுகிறார்.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. நூறு மெயில் போட்டும் ஒரு பதிலும் வராத பிள்ளை "எனக்கு எதுவும் வரவில்லை, நான் லாயக்கில்லை" என்று முடிவு கட்டிக்கொள்கிறது. அது உண்மையில்லை. மொத்தமாக அள்ளிய காலத்துக்காகத் தயாரான பிள்ளையை, தனித்தனியாகப் பொறுக்கி எடுக்கும் காலத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். குவியலில் ஒருவராக இருந்தால் இனி நடக்காது. "இந்தப் பெண் இதைச் செய்தவள்" என்று ஒரு வரியில் உங்களைச் சொல்ல வேறொருவருக்கு முடிய வேண்டும். நான் சொல்ல வந்தது இதைத்தான். மற்றதெல்லாம் அதற்கான வழி.

முதலில் சல்லடைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்பது பெரிய கம்பெனிகளின் பொதுவான நிபந்தனை. அரியர் இருந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதை முடியுங்கள். அடுத்தது ஆன்லைன் தேர்வு. டிசிஎஸின் என்கியூடி போன்றவற்றில் கணக்கு, ஆங்கிலம், தர்க்கம், கொஞ்சம் கோடிங் வரும். நேரம் போதாமல்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம், கடிகாரம் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் போட்டுப் பார்த்தால் கைவந்துவிடும். ஒன்று கவனியுங்கள். அதே தேர்வில் மேலே வந்தால் அதே கம்பெனியில் இரண்டு மடங்கு சம்பளத்தில் வேறு பதவி உண்டு. டிசிஎஸில் நிஞ்சா என்று 3.36 லட்சத்துக்கு எடுப்பவர்களும் டிஜிட்டல் என்று 7 லட்சத்துக்கு எடுப்பவர்களும் இருப்பது பல கல்லூரிகளில் தெரிந்த விஷயம். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு கோடிங் பகுதிதான். பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களுக்குச் சம்பளம் இன்னும் கீழே தொடங்கும். 2024-ல் காக்னிசன்ட் 2.52 லட்சம் அறிவித்தபோது ஊரே பேசியது. அது மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கானது என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். இரண்டு பத்தியாகப் பிரித்து, ஐந்து நட்சத்திரத்தில் பைத்தானுக்கு நான்கு என்று வரைந்து, புகைப்படம் ஒட்டி அலங்கரிக்க வேண்டாம். அதை முதலில் படிப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள். அலங்காரம் அதற்குக் குழப்பம். "கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர்" என்ற வரிகளையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்த ஒன்றை எழுதுங்கள்.

என்ன செய்தோம் என்று எழுதுவது? சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கல்லூரி பிராஜெக்ட் என்று எழுதியிருப்பதை எடுத்துப் பார்த்தால் முகம் அடையாளம் காணும் அட்டெண்டன்ஸ், பங்குச்சந்தை கணிப்பு, பயிர் நோய் கண்டறிதல். அதில் பாதி, விலைக்கு வாங்கியது; மீதி, இணையத்திலிருந்து இறக்கியது. நேர்காணலில் உட்காருபவர் அந்தத் தலைப்புகளை நூறு முறை பார்த்தவர். ஒரு கேள்வியில் அது உதிர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, உங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு சின்ன வேலையை எடுத்து முழுதாகச் செய்யுங்கள். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

மளிகைக்கடை அண்ணாச்சி வைத்திருக்கும் கடன் நோட்டு. யார் என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், பாக்கி எவ்வளவு. இதை ஒரு செயலியாக்க வேண்டும். பார்க்க ஒரு நாள் வேலை. உட்கார்ந்து செய்து பாருங்கள்.

முதல் கேள்வி: பாக்கித் தொகையை ஒரு கட்டத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் கூட்டிக் குறைப்பீர்களா? அல்லது வரவையும் பற்றையும் மட்டும் எழுதி, பாக்கியைத் தேவைப்படும்போது கூட்டிப் பார்ப்பீர்களா? முதல் வழியில் ஒரு தப்பு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அண்ணாச்சிக்கு இது தெரியும். தப்பாக எழுதிய வரியை அவர் கிழித்தெறிய மாட்டார். அடித்துவிட்டு, கீழே சரியானதை எழுதுவார். வங்கி மென்பொருளும் அதையேதான் செய்கிறது: பதிவை அழிக்காது, எதிர்ப்பதிவு போடும்.

அடுத்தது காசு. 10 பைசாவையும் 20 பைசாவையும் தசம எண்ணாகக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எல்லாம் 0.30000000000000004 என்று சொல்லும். கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால் வரும் பிசகு அது. எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் பிசகு இல்லை. மூன்றாம் செமஸ்டரில் மனப்பாடம் செய்த பாடம்தான். இப்போது தேவை வந்த பிறகு புரியும்.

பிறகு ஆட்கள். தெருவில் இரண்டு செல்வி இருப்பார்கள். பெயரை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. போன் நம்பரை வைத்தால் அவர் சிம் மாற்றுவார். ஆகவே ஒவ்வொருவருக்கும் நீங்களே ஓர் எண் கொடுக்க வேண்டும். பிரைமரி கீ என்று தேர்வில் எழுதியதற்கு அர்த்தம் இது.

பெயரைத் தமிழில் பதிந்தால் இன்னொரு சுவாரசியம். "கோமதி" என்பது நமக்கு மூன்று எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். உயிர்மெய்க் குறிகளை அது தனித்தனியாக எண்ணுகிறது. அதைவிடச் சிக்கல், ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு கீபோர்டில் அடித்த கோமதியை இன்னொரு கீபோர்டில் தேடினால் "இல்லை" என்று வரலாம். சேமிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான வசதி பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது. இந்த ஒரு சிக்கலைச் சந்தித்து, தீர்த்து, நேர்காணலில் வாயால் விளக்கத் தெரிந்த பிரெஷரை எனக்குக் காட்டுங்கள். அவரை எந்த அணித்தலைவரும் மறக்க மாட்டார்.

அப்புறம் அண்ணாச்சியின் மகனும் அதே நேரத்தில் இன்னொரு போனில் எழுதுகிறான். பாக்கியை எழுதி வைக்கும் வழியில் போயிருந்தால், 500 என்று இருவருமே படித்து, ஒருவர் 100-ஐயும் மற்றவர் 50-ஐயும் கூட்டி எழுதினால், ஒரு பதிவு காணாமல் போகும். டிரான்சாக்‌ஷன் என்ற பாடம் ஏன் இருக்கிறது என்று அன்று தெரியும். கரண்ட் போனால்? நெட் இல்லாவிட்டால்? போன் தொலைந்தால்? ஒவ்வொன்றும் ஒரு வாரத்தைக் கேட்கும். இரண்டு மூன்று மாதம் போகட்டும். முடிந்ததும் கிட்ஹப்பில் போடுங்கள். எப்படி இயக்குவது, எதை ஏன் இப்படிச் செய்தேன், எது இன்னும் சரியாக இல்லை என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். முக்கியமாக, அண்ணாச்சியிடம் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர் சொல்லும் குறைகள்தான் உங்கள் முதல் வேலை அனுபவம்.

இதை ஏஐயிடம் கேட்டே செய்யலாமே என்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை, அலுவலகத்திலும் கேட்கத்தான் போகிறீர்கள். ஒரு நிபந்தனை மட்டும். அது எழுதிக் கொடுத்த எந்த வரியையும் சுட்டி "இது ஏன் இங்கே இருக்கிறது" என்று ஒருவர் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாத வரியைச் சேர்க்காதீர்கள். இன்றைய நேர்காணல்கள் அந்தப் பக்கம்தான் நகர்கின்றன. ஸோஹோ நெடுங்காலமாகவே இப்படித்தான் செய்கிறது. முதலில் சி மொழியில் "இதன் விடை என்ன", பிறகு சின்ன நிரல்கள், பிறகு சில மணி நேரம் கொடுத்து டாக்சி புக்கிங், ரயில் டிக்கெட் போன்ற ஒன்றை அடியிலிருந்து எழுதச் சொல்வார்கள். பாதியில் வந்து ஒரு நிபந்தனையை மாற்றுவதும் உண்டு. கல்லூரிப் பெயருக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. ப்ளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தங்கள் பள்ளியிலேயே படிக்கவைத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் கம்பெனி அது. கடன் நோட்டை நேர்மையாகச் செய்து முடித்தவருக்கு அந்தச் சுற்று புதிதாக இருக்காது.

சரி, செய்தாகிவிட்டது. யாருக்குத் தெரியும்? நவுக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் தெரியும் பிரெஷர் வேலைக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் விழுகிறது. அதில் உங்களுடையதை ஒருவர் திறந்து பார்ப்பது அதிர்ஷ்டம். உள்ளே இருப்பவர் ஒருவர் "இவரைப் பாருங்கள்" என்று சொன்னால் கதை வேறு. ரெஃபரல் என்றதும் சிபாரிசு என்று கூச்சப்படுகிறார்கள் நம் பிள்ளைகள். கூச்சம் வேண்டாம். பல கம்பெனிகள் நல்ல ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஊழியருக்குப் பணமே தருகின்றன. அவர்களுக்கும் ஆள் தேவை. வேலை கொடு என்று யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் கல்லூரி சீனியரைப் பிடித்து, "அக்கா, நான் இப்படி ஒன்று செய்திருக்கிறேன், இந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன், உங்கள் அணியில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று நான்கு வரி எழுதுங்கள். கேள்விக்குப் பதில் சொல்வது எவருக்கும் பிடிக்கும். அவர் பதில் சொன்னால், அதைச் செய்துபார்த்து என்ன ஆனது என்று மறுபடி எழுதுங்கள். மூன்றாம் கடிதத்தில் அவரே கேட்பார்: "ரெஸ்யூமே அனுப்பு."

சீனியர் யாரும் இல்லாத கல்லூரியா? கிராமத்துக் கல்லூரியில் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இது உண்மையான குறை. அதற்காகவே சில இடங்கள் இருக்கின்றன. சென்னையில் பைத்தான் ஆர்வலர்களின் சென்னைப்பை குழுவும், பழைய லினக்ஸ் பயனர் குழுவும் மாதந்தோறும் கூடுவது வழக்கம். விழுப்புரத்தில் விஜிலக் அமைப்பு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறது. கணியம் தளத்தில் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் பற்றித் தமிழிலேயே புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களைக் காசு கொடுக்காமல் கேட்கலாம். இந்தக் கூட்டங்களுக்குப் போனால் முதல் நாள் ஒன்றும் புரியாது. மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவீர்கள். பரவாயில்லை, அடுத்த மாதமும் போங்கள். முகம் தெரிந்த பிறகு பேச்சு தானாக வரும்.

பெரிய வாசலைத் தவிர வேறு வாசல்களும் உண்டு என்பதை மறக்காதீர்கள். டெஸ்டிங், டெக்னிக்கல் சப்போர்ட், வாடிக்கையாளர் இடத்தில் மென்பொருளைப் பொருத்தித் தரும் வேலை, இவற்றை டெவலப்பர் இல்லை என்று தள்ளுகிறார்கள். சப்போர்ட்டில் ஓராண்டு இருந்தவருக்கு ஒரு மென்பொருள் எங்கெல்லாம் உடையும் என்று தெரியும். கோடு எழுதப் போகிறவருக்கு அதைவிட நல்ல பள்ளி கிடையாது. போய்ச் சேர்ந்த பிறகு உள்ளுக்குள்ளேயே மாறுவது, வெளியிலிருந்து நுழைவதைவிட எளிது. கோவை, மதுரை, திருச்சியில் இருபது முப்பது பேர் வேலை செய்யும் கம்பெனிகளில் சம்பளம் குறைவு, வேலை அதிகம். ஆனால் முதல் மாதமே உண்மையான வாடிக்கையாளரின் நிரலில் கை வைப்பீர்கள்.

அப்ரண்டிஸ் வாய்ப்பை நம் பட்டதாரிகள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஐடி கம்பெனிக்கும் இது பொருந்தும். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி செய்தார்கள். அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். நாட்ஸ் எனப்படும் இந்தத் திட்டத்தைத் தென்மாநிலங்களுக்கு நடத்தும் வாரியம் தரமணியில் இருக்கிறது. ஓராண்டு முடிந்தால் அரசுச் சான்றிதழ். அனுபவம் கேட்கும் இடத்தில் நீட்டுவதற்கு உண்மையான ஒரு காகிதம் கைக்கு வரும்.

"உண்மையான" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பணம் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லும் கன்சல்டன்சிகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. போகாதீர்கள். இன்று பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது பி.எஃப். கணக்கு. எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று உங்கள் யூஏஎன் எண் சொல்லிவிடும். பொய் வெளிப்பட்டால் அந்த வேலை மட்டும் போகாது. அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பணம் கேட்டால் வேலை இல்லை என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், பேக்டோர் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. ஒரு கம்பெனியின் பெயர் கேள்விப்படாததாக இருந்தால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டு பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடு." அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று சொன்னது. பொதுத்துறை வங்கியின் ஆள்சேர்ப்புச் செலவை வைத்து எழுதிய தீர்ப்பு அது. எல்லாப் பாண்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு தொகை, அவர்களே அனுப்பினால் என்ன என்று மூன்றையும் பாருங்கள். அசல் சான்றிதழை மட்டும் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு எடுத்து வாருங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் தேடுவதை நிறுத்துவதும் ஒரு பழக்கம். 2022-ல் லெட்டர் வாங்கிய சிலர் ஜாய்னிங் தேதிக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூரு வளாகத்தில், மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அனுப்பிவிட்டார்கள். சேர்ந்து, பயிற்சி முடிந்து, பிராஜெக்ட்டில் உட்காரும்வரை படிப்பும் தேடலும் தொடரட்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து ஆறு மாதம், எட்டு மாதம் ஆவது இன்று சாதாரணம். தினமும் காலையில் "என்னாச்சு" என்று கேட்பதால் எதுவும் வேகமாக நடக்காது. எதிர் வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டதையும் சொல்ல வேண்டாம். இந்த வாரம் என்ன செய்தாய், காட்டு என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு விளக்கிப் பழக முதல் ஆள் நீங்கள்தான்.

கடைசியாக, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. நீங்கள் நுழைந்தபோது வாசல் அகலமாக இருந்தது. உங்கள் திறமை இல்லாமல் அது நடக்கவில்லை. அந்தக் காலத்தின் கணக்கும் உதவியது. இன்று உங்கள் லிங்க்ட்இன் பெட்டியில் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் செய்தி திறக்காமல் கிடக்கும். உங்கள் கல்லூரி ஜூனியராகக்கூட இருக்கலாம். வேலை வாங்கித் தர வேண்டாம். மாதம் ஒருவரின் நிரலைத் திறந்து படித்து, எது நன்றாக இருக்கிறது, எது போதாது என்று நாலு வரி பதில் எழுதுங்கள். இந்த வாரமே ஒருவருக்கு எழுதுங்கள்.